நறுமணமும் மருந்தும்: இப்னு ஸீனாவின் வாழ்க்கை

நம் இல்லங்களில் திருமணம் நடைபெறும்போது வாயிலில் நின்று வருவோரைப் பன்னீர் தெளித்து வரவேற்பதும், ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படுமுன் ஆடையில் அத்தர் பூசிக்கொள்வதும் தலைமுறை தலைமுறையாக வந்துள்ள வழக்கங்களாகும். நறுமணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் விரும்பினார்கள் என்பதை நாம் அறிவோம். இந்தப் பன்னீரையும் அத்தரையும் வடித்தெடுக்கும் முறையை முதன்முதலில் உலகுக்குக் கண்டு தந்தவர் மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா என மேடைகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் கூறுவது மரபாகிவிட்டது. யானும் வகுப்பறையில் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன். அன்னாரின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தபோதுதான், அவருக்கு உரியதல்லாத புகழொன்றை அவர்மேல் ஏற்றி, அவருக்கே உரிய பெரும்புகழ் ஒன்றை மறந்து போயிருக்கிறோம் என்பது புலனாயிற்று.

நல்வாய்ப்பாக, அவருடைய வாழ்க்கையை அறிவதற்கு நம்பத்தகுந்த மூலம் உண்டு. இளமைப் பருவத்தை அவரே எடுத்துரைக்க, எஞ்சியதை அவருடன் கால் நூற்றாண்டு காலம் வாழ்ந்த மாணாக்கர் அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானி எழுதி முடித்தார். பின்வரும் செய்திகளிற் பெரும்பாலன அதனின்று அறியக்கிடப்பவை.

ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980ஆம் ஆண்டில் புகாரா நகரை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் அபூ அலீ அல்-ஹுஸைன் இப்னு ஸீனா பிறந்தார். தந்தையார் பல்க் நகரைச் சேர்ந்தவர்; ஸாமானியர் ஆட்சியில் அலுவலராகப் பணியாற்றியவர். அன்னையின் பெயர் ஸித்தாரா. பத்து வயதிற்குள் திருக்குர்ஆனை முற்றும் ஓதித் தேர்ந்த சிறுவனை, இந்தியக் கணக்கு முறையைக் கற்றுவருமாறு காய்கறி வணிகர் ஒருவரிடம் தந்தையார் அனுப்பினார். பேரறிஞர் ஒருவர் காய்கறிக் கடையில் கணக்குப் பயின்றார் என்பதை நம் மாணவச் செல்வங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தருக்கத்தில் விடை காண இயலாத சிக்கல் எழுந்தால் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது இறைவனிடம் இறைஞ்சுவார். இரவில் விளக்கை ஏற்றி மீண்டும் படிப்பில் அமர்வார். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் பொருள் விளங்காமல் சோர்ந்திருந்தவருக்கு, நூல் வணிகர் வீதியில் மூன்று திர்ஹத்துக்கு விலை பேசி வாங்கிய அல்-ஃபாராபியின் சிறுநூல் ஒன்று வழி திறந்துவிட்டது. அன்றைய மகிழ்ச்சியில் ஏழைகளுக்குத் தருமம் வழங்கினார்.

மருத்துவம் கடினமான கலைகளுள் ஒன்றன்று என அவர் கருதியது இளமையின் துணிவு. பதினாறு வயதிலேயே மருத்துவர்கள் அவரிடம் பாடம் கேட்கலாயினர். புகாராவின் அரசர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது அரண்மனைக்கு அழைக்கப்பட்ட அவர், அதன் பயனாக அரச நூலகத்தில் நுழையும் இசைவைப் பெற்றார். பெட்டி பெட்டியாக நூல்கள் அடுக்கப்பட்டிருந்த அறைகளில், அதற்கு முன்னும் பின்னும் தாம் கண்டிராத நூல்களைக் கண்டார்.

தந்தையார் மறைந்தார், ஸாமானியர் ஆட்சியும் கவிழ்ந்தது. அதன்பின் அவருடைய வாழ்வு பெரும்பாலும் அலைச்சலே. புகாராவிலிருந்து குவாரிஸ்மின் தலைநகரான குர்காஞ்சுக்கும், அங்கிருந்து பல ஊர்களைக் கடந்து காஸ்பியன் கடலை அடுத்த ஜுர்ஜானுக்கும் சென்றார். புரவலராக அவர் நம்பிச் சென்ற காபூஸ் மன்னரோ அதற்குள் சிறைப்பட்டு இறந்துவிட்டார். ஜுர்ஜானில் வாய்த்த ஒரே பேறு ஜூஸ்ஜானி என்னும் மாணாக்கர். மருத்துவப் பெருநூலான அல்-கானூன் அங்கேதான் தொடங்கப்பெற்றது.

குவாரிஸ்ம் பெண்மணி ஒருவரைப் பற்றிய செய்தியை ஜூஸ்ஜானி பதிவு செய்துள்ளார். காசநோயால் நலிந்திருந்த அவருக்கு, வேறு மருந்து எதனையும் தொடாமல், ரோஜா இதழைச் சர்க்கரையிற் பதப்படுத்திய பாகினை மட்டுமே உண்ணுமாறு இப்னு ஸீனா கூறினார். நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளிலும் பீடாவிலும் நாம் காணும் குல்கந்து அதுவே. காலப்போக்கில் நூறு மன்னு எடையுள்ள குல்கந்தை உண்டு அப்பெண்மணி நலமடைந்தார் என்பது செய்தி. ரோஜாவின் மருத்துவப் பெருமையைப் பேசுவோர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. இதனிடம் பின்னர் மீள்வோம்.

ரைய் நகரில் சிறிது காலம் தங்கிய பின்னர் அவர் ஹமதானை அடைந்தார். அந்நாட்டு அரசர் ஷம்ஸுத் தவ்லா கூலன்ஜ் எனப்படும் கொடிய குடல் வலியால் துடித்துக்கொண்டிருந்தார். தமிழ் மருத்துவம் சூலை என்று பொதுவாகச் சுட்டும் நோய்களுக்கு நெருக்கமானது அது. இப்னு ஸீனா நாற்பது பகலும் நாற்பது இரவும் அரசரின் அருகிலிருந்து நோயைத் தணித்தார். பரிசாக அமைச்சர் பதவி கிடைத்தது. அப்பதவியே இடராகவும் முடிந்தது. படைவீரர்கள் கலகம் செய்து அவருடைய வீட்டைச் சூறையாடி, அவரைக் கொல்லுமாறு அரசரை வற்புறுத்தினர். பதவி நீக்கத்தோடு அரசர் நிறுத்திக்கொள்ள, அபூ ஸஃத் என்பாரின் வீட்டில் நாற்பது நாள் அவர் மறைந்திருக்க நேர்ந்தது. அரசருக்கு வலி மீண்டும் வந்தபோது, மன்னிப்புக் கேட்டு அவரை அழைத்து அமைச்சராக்கினார்கள்!

பகலெல்லாம் அரசுப் பணி. இரவில்தான் எழுத்தும் பாடமும். மாணாக்கர் ஒருவர் அஷ்-ஷிஃபா என்னும் மெய்ப்பொருள் நூலிலிருந்து படிப்பார். மற்றொருவர் அல்-கானூனிலிருந்து படிப்பார். பாடம் முடிந்தபின் நடந்த இசையும் மதுவும் நம்மால் ஏற்கத்தக்கன அல்ல. அன்னாரின் மெய்ப்பொருட் கொள்கைகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ஆம் ஆண்டளவில் கடுமையாக மறுத்து நூல் யாத்ததும் நாம் அறிந்ததே. ஒருவரைப் போற்றுதற்கு அவர்தம் வாழ்வின் எல்லாப் பக்கங்களையும் வெள்ளையடிக்க வேண்டுவதில்லை.

அல்-கானூன் ஐந்து பாகங்களால் ஆயது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு அதனைத் தொலேதோவில் இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பதினேழாம் நூற்றாண்டு வரை அதனைப் பாடநூலாகக் கொண்டிருந்தன. யூனானி மருத்துவத்தின் அடித்தளம் அது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர்க்கு இப்னு ஸீனா இன்றும் ஆசான்.

ஏறத்தாழ எண்ணூறு தனிமருந்துகளைப் பேசும் அதன் இரண்டாம் பாகத்திலேதான் நமக்கு வேண்டிய பொருள் உள்ளது. முதலில் ரோஜாத் தைலத்தைப் பார்ப்போம். இப்னு ஸீனா குறிப்பிடும் ரோஜா எண்ணெய், இதழ்களை எள்ளெண்ணெய் அல்லது ஒலிவ எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது. இக்காலத்தார் நறுமணத் தைலம் என்று கூறும், ஆவியாக்கி வடித்த தைலம் வேறு; ஒரு கிலோ ரோஜாத் தைலத்திற்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் மலர் வேண்டும். பன்னீரோ அவர் காலத்திற்கு முன்னரே பெருவணிகப் பொருளாக விளங்கியது. பாரசீகம் அப்பாஸியக் கருவூலத்திற்கு ஆண்டுதோறும் முப்பதாயிரம் குப்பிப் பன்னீர் செலுத்தியதாக இப்னு கல்தூன் எழுதுகிறார். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி, வாசனைப் பொருள்களையும் வாலையில் வடித்தலையும் பற்றி நூறுக்கு மேற்பட்ட செய்முறைகள் கொண்ட நூலை எழுதியிருந்தார். பன்னீரின்மேல் மிதக்கும் தைலத்தைத் தனியே வழித்தெடுத்தவர் நூர்ஜஹானின் தாயார் என்று மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் பெருமையுடன் பதிந்துள்ளார். ஆகவே வாலை வடித்தலை இப்னு ஸீனா கண்டுபிடித்தார் என்பதற்கு இடமில்லை. புகழ் முஸ்லிம் உலகை விட்டு எங்கும் போய்விடவில்லை. அல்-கிந்திக்குச் சேர வேண்டியது அல்-கிந்திக்குச் சேர்கிறது, அவ்வளவே.

இனி, இப்னு ஸீனாவுக்கே உரியதைக் காண்போம். ஒரு மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்பதை எங்ஙனம் அறிவது? அனுபவத்தால் அறிவதற்கு ஏழு நெறிகளை அப்பாகத்தின் தொடக்கத்தில் அவர் வகுத்துரைக்கிறார். மருந்தில் புறத்தேயிருந்து வந்த வெப்பம் முதலிய தன்மைகள் கலந்திருத்தல் கூடாது. கலப்பு நோயில் அன்றித் தனிநோயிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இருவகை நோய்களிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தின் ஆற்றல் நோயின் ஆற்றலுக்கு ஒத்திருக்க வேண்டும்; அதனால் குறைந்த அளவில் தொடங்குக என்கிறார். கொடுத்தவுடன் பயன் தெரிந்ததா, நெடுநேரம் கழித்துத் தெரிந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். ஆறாவது நெறிதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பயன் எப்போதும், அல்லது பெரும்பான்மையோரிடம் தோன்ற வேண்டும்; எப்போதோ ஒருமுறை தோன்றினால் அது தற்செயல். இறுதியாக, சோதனை மனித உடலில் நிகழ வேண்டும். குதிரையிலும் சிங்கத்திலும் கண்டது மனிதனுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், புழுதி படிந்த பயணங்களுக்கும் படைக் கலகங்களுக்கும் இடையே ஒருவர் இவ்வாறு எண்ணினார் என்பதன்றோ வியப்பு!

ஹமதானில் அவர் எழுதிய மற்றொரு சிறுநூல் இதய மருந்துகளைப் பற்றியது. ரோஜா, சந்தனம், கற்பூரம், குங்குமப்பூ, கஸ்தூரி ஆகிய மணப்பொருள்கள் இதயத்திற்கு வலிமையும் உள்ளத்திற்கு மகிழ்ச்சியும் தருவன என்பது அந்நூலின் கருத்து. நறுமணம் உயிர்ப்பாற்றலுக்கு உணவு போன்றது என அக்கால மருத்துவர் நம்பினர். அந்நம்பிக்கை இக்காலத்தில் வேறு உருவில் உலவுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் கட்டஃபோசே 1937ஆம் ஆண்டில் நறுமண மருத்துவம் என்ற பெயரில் நூல் வெளியிட்டது முதல், தைலங்களை முகர்ந்தும் பூசியும் நோய் தீர்க்கலாம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும்கூடத் தைலம் விற்போர், துணைக்கு இப்னு ஸீனாவின் பெயரையும் அழைத்துக்கொள்கின்றனர். அவருடைய பெயரை அழைப்போர் அவருடைய நெறிகளையும் அழைத்து வருதல் முறையன்றோ?

அந்நெறிகளோடு ஒத்த சோதனைகளை இக்கால அறிவியலார் நடத்தியுள்ளனர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு அதைப் போன்ற வெற்றுப் பொருளும் கொடுத்து, யாருக்கு எது என்பதைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அறியாதவாறு செய்வது அவர்தம் முறை. நறுமணத்தில் இதற்கொரு தடை உண்டு. மணத்தை எங்ஙனம் மறைப்பது? முகர்ந்தவுடன் எவர்க்கும் தெரிந்துவிடும். தெரிந்தபின் எதிர்பார்ப்பே பாதி மருந்தாகிவிடும். 2008இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 56 பேரிடம் நடத்திய சோதனையில், எலுமிச்சைத் தைலத்தின் மணம் மனநிலையைச் சற்று உயர்த்தியது. ஆயின் எலுமிச்சையும் லாவெண்டரும் வலியைக் குறைக்கவில்லை. தோலின் புண்ணை விரைந்து ஆற்றவுமில்லை. உள்ளம் மகிழ்ந்தது உண்மை. உடல் நோய் தீர்ந்ததென்பதற்குச் சான்றில்லை.

உட்கொள்ளும் முறையில் சான்று சற்று வலுவானது. லாவெண்டர் தைலம் அடைத்த குளிகையை 2014இல் ஜெர்மனியில் மனப்பதற்றமுள்ள 539 பேரிடம் சோதித்தபோது, வெற்றுக் குளிகையினும் அது மேலான பயன் தந்தது. அத்தகைய ஆய்வுகளிற் பல, குளிகையைச் செய்வோரின் பொருளுதவியால் நடந்தவை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். மேற்பூச்சுக்கும் சான்றுண்டு. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் தேயிலை மரத் தைலம் ஐந்து விழுக்காடு கலந்த பூச்சு முகப்பருவைக் குறைத்தது. வழக்கமான மருந்தைவிட மெதுவாக, ஆனால் குறைந்த எரிச்சலுடன். இவ்வாறு ஒவ்வொரு தைலத்திற்கும், ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வோர் அளவிற்கும் தனித்தனியே விடை தேட வேண்டியுள்ளது. இவை யாவும் ஏழு நெறிகளுக்குள் அடங்குவனவே.

வரலாற்றுக்குத் திரும்புவோம். ஷம்ஸுத் தவ்லா இறந்தபின், இஸ்பஹான் அரசருடன் மறைவாகக் கடிதத் தொடர்பு கொண்டார் என்ற ஐயத்தால் இப்னு ஸீனா ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். சிறையிலும் எழுதினார். பின்னர் தம் தம்பியுடனும் ஜூஸ்ஜானியுடனும் இரு பணியாளருடனும் ஸூஃபி உடை தரித்து இஸ்பஹானுக்குத் தப்பிச் சென்றார். அரசர் அலாவுத் தவ்லாவின் அரவணைப்பில் எஞ்சிய ஆண்டுகள் கழிந்தன.

மொழி ஆசிரியர் என்ற முறையில் இஸ்பஹான் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மெய்ப்பொருளும் மருத்துவமும் அறிந்தவர். ஆனால் அரபு மொழியில் ஆழ்ந்த புலமை இல்லாதவர் என்று அபூ மன்ஸூர் என்னும் மொழியறிஞர் அவையில் இடித்துரைத்துவிட்டார். இப்னு ஸீனா மூன்றாண்டுகள் அரபுச் சொல்லியல் நூல்களில் மூழ்கினார். அருஞ்சொற்கள் நிறைந்த மூன்று கவிதைகளையும், பழம்புலவர் நடையில் மூன்று மடல்களையும் இயற்றி, தேய்ந்த தோல் அட்டையிட்டுப் பழஞ்சுவடி போலாக்கினார். வேட்டையின்போது பாலைவெளியிற் கிடைத்ததென்று கூறி அரசர் அதனை அபூ மன்ஸூரிடம் நீட்ட, அவர் பொருள் தெரியாமல் திகைத்தார். பிறகு உண்மையை உணர்ந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பின் இப்னு ஸீனா தொடங்கிய அகராதி கரட்டு வடிவிலேயே நின்றுவிட்டது. அதனை ஒழுங்குபடுத்த எவராலும் இயலவில்லை.

அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. மருத்துவம் செய்தபோது தாம் கண்ட அனுபவங்களைத் தனித்தனி ஏடுகளில் எழுதி, அல்-கானூனில் சேர்க்க எண்ணியிருந்தார். நூல் முடியுமுன் அவை தொலைந்து போயின. ஜூஸ்ஜானியின் நினைவில் எஞ்சிய ஓரிரண்டே நமக்குக் கிட்டின. தமக்கு வந்த தலைவலிக்குப் பனிக்கட்டியை நொறுக்கித் துணியிற் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டது ஒன்று. குல்கந்து உண்டு தேறிய குவாரிஸ்ம் பெண்மணியின் செய்தி மற்றொன்று. அப்பெண்மணி நலமடைந்தார் என்பதை ஐயுற வேண்டுவதில்லை. ஆயினும் ஒருவர் நலமடைந்தமை அம்மருந்துக்குச் சான்றாகாது. அவருடைய ஆறாவது நெறி அதனை ஏற்காது. தொலைந்த ஏடுகளில் எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் தேறவில்லை என்ற கணக்கு இருந்திருக்கக்கூடும். நூறு மன்னு குல்கந்து மட்டும் நின்றது, கணக்கு போயிற்று.

அவர் யாருடைய நோயைத் தீர்த்து அமைச்சரானாரோ, அந்நோயே அவரைப் பற்றியது. கூலன்ஜைப் பற்றித் தனிநூலே எழுதியவர் அவர். இக்காலத்தில் நறுமணத் தைலங்களுள் மிகுதியாகச் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, குடல் இசிவுக்குக் கொடுக்கப்படும் பெப்பர்மிண்ட் என்னும் புதினா வகைத் தைலமாகும். அதிலுள்ள மெந்தால், குடல் தசையினுள் கால்சியம் புகுவதைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஒன்பது ஆய்வுகளில் 726 நோயாளிகளிடம் கண்டவற்றை 2014இல் தொகுத்தபோது நற்பயன் புலப்பட்டது. 2020இல் நெதர்லாந்தில் 190 பேரிடம் நடந்த சோதனையிலோ, முதன்மையாக வைத்த அளவுகோலில் வெற்று மருந்துக்கும் அதற்கும் தெளிவான வேறுபாடு இல்லை. வலி மட்டும் சிலர்க்கு ஓரளவு குறைந்தது. அடிக்கடி குடல் இசிவுறுவோர்க்குரிய மருந்து அது. இப்னு ஸீனாவைக் கொன்ற நோய்க்கு அது உதவியிருக்கும் என எவரும் கூற இயலாது. அளவு மிகுந்தால் தைலமே நஞ்சாகும் என்பதும் மறத்தற்கில்லை. நம் வீடுகளில் சளிக்குப் பயன்படும் நீலகிரித் தைலத்தையோ கற்பூரத் தைலத்தையோ குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரக்கூடும். அத்தகைய குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அரசருடன் போர்ப் பயணத்தில் இருந்த இப்னு ஸீனா, பின்தங்க அஞ்சி, விரைந்து நலம்பெற வேண்டி ஒரே நாளில் எட்டு முறை தமக்கே குடல் கழுவும் மருந்தைச் செலுத்திக்கொண்டார். குடல் புண்ணாகி வலிப்பும் கண்டது. வாயு நீங்க இரண்டு தானக் அளவு செலரி விதையை அம்மருந்தில் சேர்க்கச் சொன்னார். தானக் என்பது திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு. அருகிருந்த மருத்துவர் ஒருவர் ஐந்து திர்ஹம் அளவு சேர்த்துவிட்டார்; சொன்னதைப் போலப் பதினைந்து மடங்கு. வேண்டுமென்றே செய்தாரா, தவறிச் செய்தாரா என்பதை அறியேன், நான் அப்போது உடனில்லை என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். அவருடைய பொருளைத் திருடியிருந்த பணியாளர்களோ, தண்டனைக்கு அஞ்சி வேறொரு மருந்தில் அபினை மிகுதியாகக் கலந்தனர்.

பல்லக்கில் இஸ்பஹானுக்குக் கொண்டு வரப்பட்டவர், நடக்கும் அளவுக்குத் தேறினார். பின்னர் அலாவுத் தவ்லாவுடன் ஹமதானுக்குச் சென்ற வழியில் நோய் திரும்பியது. தம் உடலின் ஆற்றல் இனி நோயை எதிர்க்காது எனத் தெளிந்ததும் மருந்துகளை நிறுத்தினார். பொருளை ஏழைகளுக்கு வழங்கினார். அடிமைகளை விடுதலை செய்தார். மூன்று நாளுக்கு ஒருமுறை திருக்குர்ஆனை ஓதி முடித்து வந்தார் எனவும் கூறுவர். ஹிஜ்ரி 428, கி.பி. 1037இல், ரமலான் மாதத்தில் அன்னார் மறைந்தார்கள். அலைச்சலும் அமைச்சும் சிறையும் கண்ட ஹமதானிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்கள்.